17 வருட இடைவெளிக்குப் பிறகு ஆன்லைனில் முதுகலை, அப்புறம் விரிவுரையாளர் வேலை: நடக்கிற காரியமா?

பழையமாணவி | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். பல மாதமாக இங்கே வந்து படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான் முதல் பதிவு. ஏதாவது தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 38. இளங்கலையில் புள்ளியியல் படித்தேன். அதன்பின் காப்பீட்டுத் துறையில் ஒன்பது வருடம், இழப்பீட்டுக் கணக்குகளைத் தோண்டித் துருவி அறிக்கை எழுதும் வேலை. மகனுக்கு மூன்று வயதானபோது விட்டுவிட்டேன். புத்தகத்தைத் தொட்டு 17 வருடம் ஆகிறது.

வேலையில் இருந்த காலத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அந்த அலுவலகத்தில் நான் செய்த மற்றதெல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த ஆசை. ஆன்லைனில் முதுகலை முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேரவேண்டும்.

நேரில் போய்ப் படிக்க வழியில்லை. கணவருக்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாடு மாறும் வேலை. நான் படித்து முடிக்கும்போது எந்த நாட்டில் இருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

இன்னொரு பயமும் இருக்கிறது. போன வாரம் ஒரு இலவசப் பாட வீடியோ பார்த்தேன், 50 நிமிடம். தலையாட்டிக்கொண்டே பார்த்தேன், எல்லாம் புரிந்தது. மறுநாள் காலையில் ஒரு தாளை எடுத்து, நேற்று என்ன கேட்டோம் என்று எழுதப் பார்த்தால் தலைப்பைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. மூளை துருப்பிடித்துவிட்டதா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா?

சாக்பீஸ்தூள் | திங்கள், காலை 6.05

வாருங்கள் அம்மா. 22 வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மூளை விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். நான் முதலில் காகித விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் மூளை எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை.

"விரிவுரையாளர் தகுதி" என்று உலகத்துக்குப் பொதுவாக ஒன்று கிடையாது. இந்தியாவில் உதவிப் பேராசிரியர் என்றால் 55 சதவீதத்தோடு முதுகலை, கூடவே நெட் (தேசிய அளவிலான தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநில அளவிலானது). 2023 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்றுதான் குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள், அதில் நடத்தப்போகும் பாடத்திலேயே 18 கிரெடிட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்களிடம் "தரவு மேலாண்மை" என்று ஒரு பட்டம் இருந்து, அதில் அசல் புள்ளியியல் பாடம் 12 கிரெடிட்தான் என்றால் அங்கே தகராறு. இங்கிலாந்தில் மேல்நிலைப் படிப்புக் கல்லூரிகளுக்குக் கட்டாயக் கற்பித்தல் தகுதி என்று 2007ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், 2013ல் அதையே நீக்கிவிட்டார்கள். இப்போது எதைக் கேட்பது என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு.

எந்த நாடு என்று தெரியாத உங்களுக்கு என் யோசனை இது. பெயரிலேயே "புள்ளியியல்" இருக்கிற முதுகலையாகத் தேர்ந்தெடுங்கள். கவர்ச்சியான பெயர் வைத்த படிப்புகள் பக்கம் போகாதீர்கள். பழைய, சலிப்பூட்டும் பெயர்தான் எல்லை தாண்டி மதிக்கப்படுகிறது.

அப்புறம் முக்கியமான ஒன்று. படிப்பை விற்கிறவரிடம் "இது செல்லுமா" என்று கேட்காதீர்கள். "செல்லும்" என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்வார்? வேலை கொடுக்கிறவரிடம் கேளுங்கள். நீங்கள் போக வாய்ப்புள்ள மூன்று நாடுகளில் தலா இரண்டு கல்லூரிகளின் பழைய வேலை விளம்பரங்களை எடுத்து, தகுதிப் பத்தியை மட்டும் படியுங்கள். ஒரு மாலை போதும்.

சோணகிரி | திங்கள், காலை 8.47

சாக்பீஸ்தூள் சார் சொன்ன கடைசிப் பத்தியை யாராவது எனக்கு எட்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். இந்தப் பெயரை நான் சும்மா வைத்துக்கொள்ளவில்லை.

நான் சேர்ந்த இடத்துக்கு அங்கீகாரம் இருந்தது. அதில் பொய்யில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், நானும் படித்துப் பார்த்தேன். நான் படிக்கத் தவறியது அதில் போட்டிருந்த வருடத்தை. அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு என்று கிடைக்கிறது. நான் சேர்ந்த வருடத்துக்கு அவர்களிடம் அது இல்லை. இரண்டு வருடம் படித்தேன், தேர்வு எழுதினேன், நல்ல மதிப்பெண், பட்டமும் கையில் வந்தது. ஒரு நேர்காணலுக்கு முன் சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருந்தவர் தன் முன்னால் இருந்த பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி ஒருமுறை ஓட்டினார். பிறகு என் கோப்பை எடுத்து மேசையின் இடதுபக்கம் வைத்தார். வலதுபக்கம் இருந்தவைதான் உள்ளே போயின.

அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இந்தியப் படிப்பாக இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் நிறுவனப் பெயர், படிப்பு, கல்வியாண்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே வரியில் இருக்கவேண்டும். அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு சேமித்து வையுங்கள். வேறு நாடு என்றால் அந்த நாட்டு அங்கீகார அமைப்பின் தளம். படிப்பை நடத்துகிறவர் அனுப்புகிற பிடிஎஃப் கணக்கில் சேராது.

கறார்பேர்வழி | திங்கள், பிற்பகல் 1.30

கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து பழக்கப்பட்டவன் நான். ஆன்லைன் பட்டத்தோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் வருவதில்லை. சட்டப்படி சமம் என்பது தெரியும். அந்தச் சமத்தை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் கல்லூரி என்பது பாடப்புத்தகத்தை முடித்துவிட்டு வருகிற இடம் அல்லவே. ஒரு நல்ல ஆசிரியர் கரும்பலகையில் தப்புப் போட்டுவிட்டு அதை அழிக்காமல் மாணவர்களோடு சேர்ந்து திருத்துவதைப் பார்த்திருக்கவேண்டும். இரண்டு வருடம் தனியறையில் திரையைப் பார்த்தவர் அதை எங்கே பார்ப்பார்?

நூலகப்பூனை | திங்கள், மாலை 5.12

கறார் சார், இந்த வாதம் ரொம்பப் பழசு. லண்டன் பல்கலைக்கழகம் கல்லூரிக்கு வராதவர்களும் தேர்வு எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று 1858ல் கதவைத் திறந்தபோதும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் யூனிசா பல்கலைக்கழகம் 1946ல் இருந்து அஞ்சல் வழியில் பாடம் நடத்தியது; நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே அங்கே 1989ல் சட்டப் பட்டத்தை முடித்தார். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969ல் தொடங்கி, 1971ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அவர்கள் பிபிசியில் பாடம் பார்த்துப் படித்தவர்கள். இணையம் புதுசு, தூரத்தில் இருந்து படிப்பது புதுசில்லை.

பழையமாணவிக்கு ஒரு எச்சரிக்கை. முதுகலையோடு நிற்காமல் முனைவர் பட்டம் வரை யோசனை இருந்தால் இப்போதே கவனியுங்கள். இந்தியாவில் முனைவர் பட்டத்தைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த அனுமதியில்லை, 2022 விதிமுறை அதைத் தெளிவாகச் சொல்கிறது. "ஆன்லைன் பிஎச்டி" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அப்படியே தள்ளிவிட்டுப் போங்கள்.

இரவுஆந்தை | திங்கள், இரவு 12.08

எனக்கு வயது 44. போன வருடம்தான் ஆன்லைனில் முதுகலை முடித்தேன், அதனால் இன்னும் காயம் ஆறவில்லை. மூளை துருப்பிடித்ததா என்ற கேள்விக்கு வருகிறேன்.

துருவெல்லாம் இல்லை. நீங்கள் வீடியோ பார்த்தீர்கள், படிக்கவில்லை. இரண்டும் வேறு. நன்றாகப் பேசுகிற ஒருவர் விளக்கும்போது நமக்குப் புரிவது அவருடைய தெளிவு. நம்முடையது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறோம்.

எனக்கு இது உறைத்தது ஒரு ஆய்வைப் படித்தபோது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006ல் செய்தது. ஒரு பத்தியைச் சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். வேறு சிலரை ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தால் மூடிவைத்து எழுதியவர்கள் முந்தினார்கள். உங்கள் வெற்றுத்தாள் காலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதைத் தோல்வி என்று நினைத்தீர்கள். அந்த ஒரு வாரம் முழுக்க நீங்கள் செய்த உருப்படியான படிப்பு அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்த நேரம்தான்.

நான் செய்தது இதுதான். 50 நிமிட வீடியோவை ஒரே மூச்சில் பார்ப்பதை நிறுத்தினேன். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014ல் ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் ஈடுபாட்டோடு பார்க்கும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. நானும் ஆறு, ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவேன். மடிக்கணினியை மூடுவேன், குறைத்து வைப்பது இல்லை, மூடியே விடுவேன். கேட்டதைத் தாளில் எழுதுவேன். வராத இடத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகு திறந்து அந்த இடத்தை மட்டும் பார்ப்பேன். 50 நிமிட வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆமாம், அவ்வளவு ஆகும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அரை மணியில் முடித்தேன் என்று வாட்ஸப் குழுவில் பெருமை பேசிய என் வகுப்புத் தோழர்கள் நான்கு பேர் முதல் பருவத்தோடு காணாமல் போனார்கள்.

படிக்க ஏற்ற நேரம் எது என்று கேட்பீர்கள். வீட்டில் மற்றவர்கள் தூங்குகிற நேரம் எதுவோ அது. தனியாக நல்ல நேரம் எதுவும் கிடையாது.

பழையமாணவி | செவ்வாய், காலை 10.15

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சோணகிரி அண்ணா, அந்த இடதுபக்க மேசை கண்ணிலேயே நிற்கிறது. நேற்று இரவே பட்டியலில் தேடினேன். நான் மனதில் வைத்திருந்த இரண்டு இடங்களில் ஒன்று மூன்று நிபந்தனைக்கும் பொருந்தி வந்தது. இன்னொன்று வரவில்லை. அவர்கள் மூன்று நாளாகத் தினமும் போன் செய்து "சலுகை இன்றோடு முடிகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விளம்பரத் தகுதிப் பத்திகளையும் படித்துப் பார்த்தேன். சாக்பீஸ்தூள் சார் சொன்னது சரி. ஆறில் ஐந்து இடத்தில் "தொடர்புடைய பாடத்தில்" என்ற சொல் இருக்கிறது. படிப்பின் பெயர் ஏன் முக்கியம் என்பது அப்போதுதான் புரிந்தது.

கறார் சார் சொன்னதுதான் உறுத்துகிறது. கோபம் இல்லை சார். அதற்குப் பதில் என்னிடம் இல்லையே என்ற உறுத்தல்.

சாக்பீஸ்தூள் | செவ்வாய், காலை 11.40

கறாருடைய கேள்வி நியாயமானது, ஆனால் அதைப் பட்டத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. நான் நேரில் படித்தவன்தான். எனக்குப் பாடம் நடத்த யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முதுகலை முடித்த வாரமே கையில் சாக்பீஸைக் கொடுத்து 60 பேர் முன்னால் நிறுத்தினார்கள். முதல் நாள் 55 நிமிடத்துக்குத் தயாரித்ததை 14 நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் வருகைப் பதிவேட்டை இரண்டு தடவை எடுத்தேன். உலகம் முழுக்கக் கல்லூரி ஆசிரியர்கள் இப்படித்தான் வருகிறார்கள். பள்ளி ஆசிரியருக்குத் தனியாகப் பயிற்சிப் பட்டம் உண்டு. கல்லூரிக்குப் பெரும்பாலான இடங்களில் பாட அறிவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே நடத்தும் பழக்கத்தை நீங்களேதான் வரவழைத்துக்கொள்ள வேண்டும். ஆன்லைனில் படித்தாலும் இதே கதைதான், வளாகத்தில் படித்தாலும் இதே கதைதான். ஒரு வேலை கொடுக்கிறேன். இன்று படிக்கிற ஒரே ஒரு கருத்தை, ஒன்றுதான், எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உட்கார்ந்து சொல்லக்கூடாது. எழுதிக்கொண்டே சொல்லவேண்டும். எதிரில் ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது, பாடம் தெரியாத ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது.

பழையமாணவி | வெள்ளி, இரவு 10.50

செய்தேன். மானம் போனது. விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

வீட்டில் பலகை இல்லை. படுக்கையறை அலமாரியில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. மார்க்கரை எடுத்து அதில் எழுதினேன். எதிரில் என் மகன், வயது 11, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். திட்ட விலக்கம் எடுத்துக்கொண்டேன், எண்கள் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. ஒன்பது வருடம் தினமும் போட்ட கணக்கு, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற தைரியம்.

2, 4, 6, 8, 10 என்று எழுதினேன். சராசரி 6. ஒவ்வொன்றும் 6ல் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அதை வர்க்கம் ஆக்கி, கூட்டினால் 40. இதுவரை அவனுக்குப் புரிந்தது. "இப்போது நான்கால் வகுக்கவேண்டும், 10 வரும், இதற்கு வர்க்கமூலம் எடுத்தால் முடிந்தது" என்றேன்.

"அஞ்சு நம்பர் இருக்கே, ஏன் நாலால வகுக்கிற?" என்றான்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. "மாதிரி எடுத்தால் ஒன்றைக் குறைக்கவேண்டும், அதுதான் விதி" என்றேன். "யாரு போட்ட விதி?" என்றான். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதன் மேல் பெரிதாக 4. ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை அந்தக் கணக்கைப் போட்டிருப்பேன், ஒருமுறைகூட எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

பழைய புத்தகம் எல்லாம் புரட்டினேன். "கட்டின்மைக் கூறுகள்" என்று ஒரு சொல் இருக்கிறது. விளக்கம் இரண்டே வரி. அந்த இரண்டு வரியை அவனிடம் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

சாக்பீஸ்தூள் | சனி, காலை 6.20

அந்தப் பையனுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள், உங்கள் முதல் மாணவன் அவன்தான்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள். அந்த ஐந்து எண்களும் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஐந்து பேர். நமக்குத் தெரியவேண்டியது அந்தக் கூட்டத்தின் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறியிருக்கிறார்கள் என்பது. கூட்டத்தின் சராசரி நமக்குத் தெரியாது. அதனால் கையில் இருக்கிற ஐந்து பேரின் சராசரியான 6ஐயே வைத்து அளக்கிறோம். இங்கேதான் கோளாறு. 6 என்பது இந்த ஐந்து பேரிடமிருந்தே பிறந்த எண், இவர்களுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கும். அசல் சராசரி 7 என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். 25, 9, 1, 1, 9. கூட்டினால் 45. ஐந்து என்று வைத்தாலும் 45. 6ஐ விட்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூட்டுத்தொகை 40க்கு மேலேதான் போகும். அதாவது நம் கையில் இருக்கிற 40 அசலைவிடப் பெரிதாக ஆகவே முடியாது, பெரும்பாலும் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வகுக்கிற எண்ணையும் கொஞ்சம் சிறிதாக்குகிறோம்.

சரி, ஏன் சரியாக ஒன்றைக் குறைக்கிறோம், இரண்டை ஏன் குறைப்பதில்லை என்று அடுத்துக் கேட்பான். சராசரி 6 என்று சொல்லிவிட்டு நான்கு எண்களை மட்டும் காட்டுங்கள், ஐந்தாவதை மூடிவையுங்கள். அவனே கண்டுபிடித்துச் சொல்வான். ஐந்தாவதுக்குச் சொந்தமாக எதுவும் சொல்ல இல்லை, மற்ற நான்கு சொன்னதையே சொல்கிறது. சுதந்திரமாக இருந்தது நான்கு, உங்கள் புத்தகத்தின் "கட்டின்மைக் கூறுகள்" அதுதான். இப்படி ஒன்றைக் குறைத்து வகுப்பதற்கு பெஸ்ஸல் திருத்தம் என்று பெயர். முறையான நிரூபணம் உங்கள் முதுகலை முதல் பருவத்தில் வரும், அப்போது அதைப் பார்த்து நீங்கள் பயப்படமாட்டீர்கள்.

கறார்பேர்வழி | சனி, முற்பகல் 11.02

என் கருத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதிதான்.

குழுவில் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொல்கிறேன், யாரும் வெளியே சொல்வதில்லை. பட்டம் எந்த வழியில் வந்தது என்பது கோப்பு சரிபார்க்கிறவரின் கவலை. எங்களுக்குக் கிடைப்பது மாதிரி வகுப்பின் பத்துப் பதினைந்து நிமிடம். ஒருமுறை ஒருவர் 42 ஸ்லைடோடு வந்தார். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. "பரவாயில்லை, பலகையில் நடத்துங்கள்" என்றோம். புரொஜெக்டர் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்தான், இதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேறொருவர் ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். பத்து விநாடி ஒன்றும் பேசவில்லை. பத்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவர் தன்னையறியாமல் பதில் சொன்னார். அவரைத்தான் எடுத்தோம்.

வீடியோவில் படித்து வருகிறவர்களிடம் அந்த மௌனம் இருப்பதில்லை. ஏனென்றால் வீடியோவில் மௌனத்தை வெட்டிவிடுகிறார்கள். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா, போதும்.

நூலகப்பூனை | சனி, இரவு 9.30

இது நல்ல கவனிப்பு சார். வெட்டிய மௌனம்!

நடைமுறை விஷயம் இரண்டு. முதல் நாளில் இருந்தே படிக்கிற கட்டுரைகளை ஸொட்டீரோ என்ற மேற்கோள் சேமிப்பு மென்பொருளில் போட்டு வையுங்கள், இலவசம். ஆய்வறிக்கை எழுதும்போது மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டி உயிரை விடவேண்டாம். அப்புறம், பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும், "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று ஆரம்பிக்கும். அது மோசடி என்பதற்கு, நீங்கள் இன்னும் பேராசிரியர் ஆகவில்லை என்பதே போதுமான துப்பு.

இரவுஆந்தை | ஞாயிறு, இரவு 12.31

ஆன்லைன் தேர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கேமரா முன்னால் எழுதுகிற தேர்வு என்றால் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நான் யோசிக்கும்போது மேலே பார்க்கிற பழக்கம் உள்ளவன். முதல் தேர்வில் இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. மூன்றாவதுக்குப் பயந்து கழுத்து விறைத்து உட்கார்ந்து எழுதியதில், தெரிந்த விடை ஒன்று போய்விட்டது.

நெட் எழுதுகிற யோசனை இருந்தால் இன்னொன்று. புள்ளியியல், அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் கணித அறிவியல் தாளுக்குள் வருகிறது. 200 மதிப்பெண். அ, ஆ பகுதிகளில் தப்பு விடைக்குக் கால் பங்கு கழிப்பார்கள். மூன்றாவது பகுதியில் கழிப்பதில்லை, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம், அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். விரிவுரையாளர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பு இல்லை. எனவே 38 என்று கவலைப்படாதீர்கள். நான் 44ல் எழுதினேன், தேர்வு அறையில் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து ஒரு பெண் எழுந்து நின்றார்.

பழையமாணவி | ஏழு மாதம் கழித்து, புதன், பிற்பகல் 3.40

இந்த இழையைத் தூசி தட்டி எழுப்புகிறேன். முதல் பருவம் முடிந்தது. ஐந்து பாடத்தில் நான்கு நன்றாக வந்திருக்கிறது, நேரியல் இயற்கணிதத்தில் தட்டுத் தடுமாறித் தேறினேன். இளங்கலையிலேயே எனக்கு அது ஆகாது, 17 வருடத்தில் அது திருந்திவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இரவுஆந்தை அண்ணா முறைப்படி மூடிவைத்து எழுதினேன். முதல் மாதம் அழுகைதான். வாரத்துக்கு எட்டு மணி நேரம் போதும் என்று நினைத்திருந்தேன், பதினாறு ஆனது. இரண்டு வாரம் மகனுக்குக் காய்ச்சல், அப்போது ஒரு பாடம் முழுக்கப் பின்தங்கியது, அதைப் பிடிக்கவே முடியாது என்று நினைத்தேன். பிடிக்கவில்லைதான், அந்தப் பகுதியை விட்டுவிட்டுத் தேர்வு எழுதினேன்.

கண்ணாடி வகுப்பு மட்டும் நிற்கவில்லை. வாரம் இரண்டு. மகன் சில நாள் ஓடிவிடுவான், அப்போது போனை அலமாரிக்கு எதிரே சாய்த்து வைத்துப் பதிவு செய்துவிடுவேன். முதல் பதிவில் 11 நிமிடத்தில் 34 தடவை "ஓகேவா" என்று கேட்டிருக்கிறேன். யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை, அறையில் யாருமே இல்லை.

போன வாரம் இங்கே ஒரு கல்லூரியில் பகுதிநேர வகுப்புக்கு ஆள் தேடினார்கள். முதுகலை முடியவில்லை என்பதால் விரிவுரையாளராக எடுக்கமாட்டார்கள், கணக்கு உதவி வகுப்பு எடுக்கலாம் என்றார்கள். போனேன். எட்டு மாணவர்கள். கறார் சார், கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். மனதுக்குள் எண்ணினேன். ஆறு வரை தாங்கினேன், ஏழில் நானே பதிலைச் சொல்லிவிட்டேன்.

கறார்பேர்வழி | புதன், மாலை 4.05

ஆறு நல்ல எண்ணிக்கை. எனக்கு முதல் வருடம் மூன்றுதான்.

சோணகிரி | புதன், மாலை 6.18

சந்தோஷம் தங்கச்சி. நானும் மறுபடி சேர்ந்துவிட்டேன், வேறு இடம். இந்தத் தடவை பட்டியல் பக்கத்தை அச்செடுத்து, தேதி போட்டு, கோப்பின் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.

பழையமாணவி | புதன், இரவு 9.55

அண்ணா, இது என் முடிவைவிடப் பெரிய செய்தி. வாழ்த்துகள்.

ஒரு அவசர உதவி வேண்டும். அடுத்த மாதம் வேறு நாட்டுக்குப் போகிறோம், வாடகை வீட்டை ஒப்படைக்கவேண்டும். முதல் நாள் அவசரத்தில் நான் எடுத்தது அழியாத மார்க்கர் போலிருக்கிறது. ஏழு மாதமாக அந்த மூலையில் 2, 4, 6, 8, 10 அப்படியே இருக்கிறது. தண்ணீர், சோப்பு எதற்கும் அசையவில்லை. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்.

சாக்பீஸ்தூள் | புதன், இரவு 10.02

அழிகிற மார்க்கரை எடுத்து அதே எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதுங்கள். காயவிடாமல் உடனே துணியால் துடையுங்கள். மேல் மையில் இருக்கிற கரைப்பான் கீழே இருப்பதையும் இளக்கிவிடும். 22 வருடத்தில் நான் மாணவர்களிடம் கற்ற ஒரே வேதியியல் இது.

பழையமாணவி | புதன், இரவு 10.31

வந்துவிட்டது சார். ஐந்து எண்ணும் போச்சு. வகுப்பதற்காகப் பெரிதாக எழுதிய அந்த 4 மட்டும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் லேசாகத் தெரிகிறது. மகன் அதை அழிக்கவேண்டாம் என்கிறான்.